வீட்டுப் பெரியவர்களுக்கு மாவுச்சத்தைக் குறைப்பது பற்றிய புத்தகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை வந்து 12 வருடம் ஆகிறது. ஒருநாள், "மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட்டால் நல்லதாமே, அதைப் பற்றி ஒரு புத்தகம் வாங்கிக் கொடு, நானே படித்துப் பார்க்கிறேன்" என்றார். தேடித் தேடி ஆறு புத்தகம் வாங்கினேன். அவர் கடைசிவரை படித்தது ஒன்றைத்தான். என் வேலை புத்தகப் பக்க வடிவமைப்பு. டாக்டர் இல்லை. ஆனாலும் அந்த ஆறு புத்தகங்களும், அதன்பிறகு உறவினர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து கேட்டதும் சேர்ந்து இந்தப் பக்கத்தை எழுத வைத்தன.

எந்தப் புத்தகம் நல்லது என்று ஒரே பெயராகச் சொல்லிவிட முடியாதா?

முடியாது. படிக்கப்போகிறவரின் கண்ணையும் மருந்துச் சீட்டையும் பார்க்காமல் சொல்லும் பெயர் எதற்கும் உதவாது. 40 வயதுக்காரர் உடம்பு குறைக்க வாங்கிய புத்தகம், நாலு மாத்திரையும் ஒரு இன்சுலினும் எடுக்கும் 75 வயதுக்காரருக்கு ஆபத்தாக முடியலாம். ஆகவே கடைக்குப் போகும்முன் ஒரு துண்டுத் தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: அவர் எடுக்கும் மருந்துகளின் பெயர், சிறுநீரகம் எப்படி இருக்கிறது, கண்ணாடி போட்டும் எவ்வளவு சின்ன எழுத்துவரை படிக்கிறார்.

குறைந்த மாவுச்சத்து என்றால் எவ்வளவு? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறதே?

மாறத்தான் செய்கிறது. குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. பொதுவாக ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து இருந்தால் அதைக் குறைந்த மாவுச்சத்து உணவுமுறை என்கிறார்கள். கீட்டோ என்பது அதைவிடக் கடுமையானது, 20 முதல் 50 கிராம்வரைதான். இரண்டுக்கும் அட்டையில் ஒரே மாதிரியான பெயர் போட்டிருப்பார்கள். உள்ளே போனால்தான் ஒன்று மிதமான மாற்றம், இன்னொன்று உடம்பு சர்க்கரையை விட்டுக் கொழுப்பை எரிபொருளாக்கிக்கொள்ளும் அளவுக்கான மாற்றம் என்று தெரியும்.

முதல் 20 பக்கத்துக்குள் "ஒரு நாளைக்கு இத்தனை கிராம்" என்று எண்ணாகச் சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லாத புத்தகத்தைக் கீழே வைத்துவிடலாம். சொல்கிற எண் 50-க்குக் கீழே இருந்தால், மருந்து எடுக்கும் பெரியவருக்கு அதை டாக்டரிடம் பேசாமல் கொடுக்க வேண்டாம். அதையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறதா, முதல் நாளே சட்டென்று நிறுத்தச் சொல்கிறதா என்பதும் முக்கியம். வயதானவர்களுக்கு முதல் வகைதான் சரி என்பது என் கருத்து.

இதற்கு மருத்துவ ஆதாரம் உண்டா? வெறும் ஃபேஷனா?

ஆதாரம் உண்டு. 2019-ல் அமெரிக்க நீரிழிவு சங்கம் வெளியிட்ட ஒருமித்த கருத்து அறிக்கை, சர்க்கரை நோயாளிகள் மொத்த மாவுச்சத்தைக் குறைப்பது ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவும் என்பதற்குத்தான் மிக அதிகமான ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. அதே அறிக்கை, எல்லோருக்கும் பொருந்தும் ஒரே உணவுமுறை என்று எதையும் சொல்லவில்லை. நல்ல புத்தகம் இந்த இரண்டையும் சொல்லும். முதலாவதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் புத்தகங்கள்தான் அதிகம்.

யோசனையும் புதிதல்ல. 1863-ல் லண்டனில் வில்லியம் பாண்டிங் என்பவர், ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் குறைத்துத் தன் உடம்பு இளைத்த கதையைச் சிறு வெளியீடாக எழுதினார். அப்போது அவர் அறுபதைத் தாண்டியவர். குனிந்து ஷூ நாடா கட்ட முடியாமல், மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்த மனிதர். வயதானவர் ஒருவர், தன்னைப் போன்றவர்களுக்கு, எளிய சொற்களில், மெல்லிய புத்தகமாக எழுதினார். எனக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர் காலத்தில் இன்சுலின் கிடையாது, சர்க்கரை மாத்திரையும் கிடையாது. மனிதர்களுக்கு இன்சுலின் கொடுக்கத் தொடங்கியதே 1922-ல்தான். உணவைக் குறைத்தால் மருந்தோடு மோதும் என்ற பேச்சுக்கே அன்று இடமில்லை. இன்று இருக்கிறது. அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவருக்குப் புத்தகத்தில் என்ன பார்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

என் பெரியப்பாவுக்கு 74 வயது. கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை எடுத்துவந்தார். யாரோ பரிசாகக் கொடுத்த புத்தகத்தைப் படித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினார். மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் விடியற்காலையில் பெரியம்மா எழுந்து பார்த்தபோது சட்டை முழுக்க வியர்வையில் நனைந்து, பொத்தானைப் போடத் தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மீட்டரில் 54, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் பேச்சு வந்தது. பிறகு அந்தப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். "மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும்" என்ற ஒற்றை வரி 190-ஆம் பக்கத்தில், அடிக்குறிப்பு அளவு எழுத்தில் இருந்தது. பெரியப்பா 40-ஆம் பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை.

அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது, மருந்து பற்றிய எச்சரிக்கை எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்பதைத்தான். உணவுப் பட்டியல் தொடங்கும் முன்பே அது வர வேண்டும். வெறும் "டாக்டரைக் கேளுங்கள்" போதாது, காரணத்தோடு சொல்ல வேண்டும்.

சர்க்கரை மருந்து எல்லாம் ஒன்றல்ல. இன்சுலினும், கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் சாப்பாடு குறைந்தாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். இவற்றின் அளவை உணவு மாற்றும்போதே டாக்டர் குறைக்க வேண்டியிருக்கும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை வேறு விதமானது. இவற்றை எடுத்துக்கொண்டே மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால் கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறிவிடக்கூடும். அப்போது மீட்டரில் சர்க்கரை ஓரளவு சாதாரணமாகவே காட்டும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது என்று ஆரம்பித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த மருந்துகள் புழக்கத்துக்கு வந்ததே 2012-லிருந்துதான். இந்த ஆபத்தைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது 2015-ல். அதற்கு முன் அச்சான புத்தகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த எச்சரிக்கை அதில் இருக்க வழியில்லை. முதல் பக்கத்தைத் திருப்பிப் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். மறு அச்சு ஆண்டை அல்ல, திருத்திய பதிப்பின் ஆண்டை.

ரத்த அழுத்த மாத்திரையும் இருக்கிறது. மாவுச்சத்து குறைந்த முதல் சில நாட்களில் உடம்பிலிருந்து உப்பும் தண்ணீரும் கூடுதலாக வெளியேறும். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவருக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். இளையவருக்கு அது கொஞ்ச நேரத் தொந்தரவு, 75 வயதில் விழுந்தால் இடுப்பெலும்பு முறிவு. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் திடீரென்று கீரையை அதிகப்படுத்தினால் அந்த மருந்தின் வேலை குறையும். இதையும் சொல்லும் புத்தகம் கிடைத்தால், எழுதியவர் பெரியவர்களை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார் என்று நம்பலாம்.

சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்று புத்தகத்தில் இருக்க வேண்டுமா?

கட்டாயம். 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும், 15 நிமிடம் கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும். இவ்வளவுதான், ஆனால் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். வயதானவர்களுக்குக் கைநடுக்கம், படபடப்பு என்று பாடப்புத்தக அறிகுறிகள் வராமல் வெறும் குழப்பமும் தள்ளாட்டமும் மட்டும் வரலாம் என்பதையும் சொன்னால் இன்னும் நல்லது. சில இதய மாத்திரைகள் படபடப்பை மறைத்துவிடும்.

வயதானவர்களுக்கென்று தனியாக எழுதிய புத்தகம்தான் வேண்டுமா?

அப்படி ஒன்று கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், பொதுப் புத்தகத்தில் புரதம் பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள். வயதாக ஆகத் தசை தானாகவே கரைகிறது. வயதுவந்த எல்லோருக்கும் சாதாரணமாகச் சொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம். ஆரோக்கியமான முதியவர்களுக்கு 1.0 முதல் 1.2 கிராம்வரை வேண்டும் என்பது வல்லுநர் குழுக்களின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 60 முதல் 72 கிராம். மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு, அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று சொல்லாத புத்தகம் ஆளைக் கொழுப்போடு சேர்த்துத் தசையையும் இழக்கவைக்கும். எடைக் கருவி இறங்குவதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாத நிலை வந்திருக்கும்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதே புரதக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பல் இல்லாதவர், விழுங்கச் சிரமப்படுகிறவர் சாப்பிடக்கூடிய மாதிரி உணவு வகைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மலச்சிக்கல் பற்றி ஒரு வார்த்தையாவது இருக்க வேண்டும். தாகம் தெரியாமல் போவதும் வயதோடு வருவதுதான்.

எழுத்தின் அளவு அவ்வளவு முக்கியமா? பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் ஆகாதா?

முக்கியம். பூதக்கண்ணாடியோடு நாலு பக்கம் படிக்கலாம், 150 பக்கம் படிக்க முடியாது.

வழக்கமான புத்தகங்கள் 10, 11 புள்ளி எழுத்தில் அச்சாகின்றன. பெரிய எழுத்துப் பதிப்பு என்றால் 16 புள்ளியோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். தமிழில் இன்னொரு சிக்கல்: ஒரு எழுத்துருவில் 12 புள்ளி, இன்னொன்றில் 10 போலத் தெரியும். அதனால் எண்ணை நம்பாமல் கண்ணை நம்புங்கள். நான் செய்யும் சோதனை இது. புத்தகத்தை முழங்கை மடக்கிய தூரத்தில் பிடித்துக்கொண்டு, பத்தியை அல்ல, அட்டவணையைப் படிக்கிறேன். எண்ணெல்லாம் அங்கேதான் இருக்கிறது, சின்ன எழுத்தும் அங்கேதான். 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரிகிறதா? 1.5 கிராம் என்பது 15 கிராம் என்று தெரிகிறதா? ஒரு புத்தகத்தில் வெளிர் பச்சைக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்தில் எண்களைப் போட்டிருந்தார்கள். திரையில் அழகாக இருந்திருக்கும். அம்மா அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார், பிறகு மூடிவைத்துவிட்டார்.

பளபளக்கும் தாளில் விளக்கு வெளிச்சம் பட்டுக் கூசும். மங்கலான, சற்றே தடித்த தாள் நல்லது. பின்பக்க எழுத்து முன்னால் தெரியக் கூடாது. மூட்டுவலி உள்ளவர் கைக்குத் தடிமனான புத்தகம் கனக்கும். மேசையில் வைத்தால் தானாக மூடிக்கொள்ளாத கட்டு வேண்டும், ஏனென்றால் அடுப்பு வேலையின் நடுவே ஈரக் கையால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்க யாராலும் ஆகாது. அம்மா படித்து முடித்த அந்த ஒரு புத்தகம் 96 பக்கம்தான், சுருள் கம்பிக் கட்டு.

மின்புத்தகம் வாங்கலாமா?

எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடியும் என்பதால் பலருக்கு நல்லது. ஆனால் பக்கங்களை அப்படியே படமாக எடுத்த பிடிஎஃப் வேண்டாம். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே போய்விடும், இடமும் வலமும் தள்ளித் தள்ளியே களைத்துவிடுவார்கள்.

மொழிபெயர்த்த புத்தகம் பரவாயில்லையா?

தமிழில் படிக்கிறவருக்குத் தமிழில்தான் வாங்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மொழிபெயர்ப்பில் அளவுகள் அப்படியே வந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ரத்தச் சர்க்கரையைச் சில நாடுகளில் மி.மோல்/லி. என்ற அலகில் சொல்வார்கள். அதை 18-ஆல் பெருக்கினால்தான் மி.கி./டெ.லி. வரும். "உங்கள் சர்க்கரை 7 இருக்கலாம்" என்று ஒரு வரியைப் படித்துவிட்டுத் தன் மீட்டரில் 126-ஐப் பார்த்து மிரளும் பெரியவருக்கு, இரண்டும் ஒன்றுதான் என்று யார் சொல்வது? மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையும் இப்படித்தான்: 6.5 சதவீதமும் 48 மி.மோல்/மோலும் ஒன்றே.

"நிகர மாவுச்சத்து" என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

மொத்த மாவுச்சத்திலிருந்து நார்ச்சத்தைக் கழித்து வருவது. நார்ச்சத்து சர்க்கரையாக மாறாது என்பது கணக்கு. இதில் ஒரு வழுக்கல் உண்டு. அமெரிக்கப் பொருள்களின் லேபிளில் மாவுச்சத்து என்று போடும் எண்ணில் நார்ச்சத்தும் அடக்கம். ஐரோப்பிய, பிரிட்டிஷ் லேபிள்களில் நார்ச்சத்தை ஏற்கெனவே கழித்துவிட்டுத்தான் போடுகிறார்கள். அமெரிக்கப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஐரோப்பிய லேபிளில் மறுபடி கழித்தால் இரண்டு முறை கழித்ததாகிவிடும், சாப்பிடும் அளவு தெரியாமலே கூடிவிடும். பெரியவர்களுக்கு இந்தக் கழித்தல் கணக்கே வேண்டாம். தட்டில் கால் பங்கு, அரைப் பங்கு என்று படமாகக் காட்டும் புத்தகம் போதும்.

எழுதியவர் டாக்டராக இருக்க வேண்டுமா?

டாக்டர் அல்லது பதிவு பெற்ற உணவியல் நிபுணர் எழுதியதாகவோ, அவர்களில் ஒருவர் சரிபார்த்ததாகவோ இருந்தால் நல்லது. பட்டம் மட்டும் போதாது. என்ன பட்டம், சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கிறவரா என்று பின்னட்டையில் படியுங்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது வேறொன்று: "இது யாருக்குப் பொருந்தாது" என்று அவர் எழுதியிருக்கிறாரா? தன் வழியின் எல்லையைச் சொல்லத் தெரிந்தவரை நம்பலாம்.

"30 நாளில் மருந்தைத் தூக்கி எறியுங்கள்" என்ற அட்டையைத் தொடவே வேண்டாம். எழுதியவரே பொடியோ மாத்திரையோ விற்று, ஒவ்வொரு அத்தியாயக் கடைசியிலும் அதன் பெயர் வந்தால் அதையும் வைத்துவிடுங்கள்.

யாருக்கு இப்படிப்பட்ட புத்தகமே கொடுக்கக் கூடாது?

ஏற்கெனவே எடை குறைந்து மெலிந்திருப்பவர், காரணம் தெரியாமல் இளைத்துக்கொண்டிருப்பவர், சிறுநீரகக் கோளாறு முற்றியவர், டைப் 1 சர்க்கரை (உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை) உள்ளவர், ஞாபகமறதி நோயால் சாப்பிட்டதே நினைவில்லாதவர். இவர்களுக்குப் புத்தகத்தைவிட டாக்டரோடு ஒரு மணி நேரம் பேசுவதே மேலானது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சமையல் குறிப்பு மட்டும் இருக்கும் புத்தகம் போதுமா?

முதல் புத்தகமாக வேண்டாம். ஏன் என்று தெரியாமல் செய்கிறவர் இரண்டு வாரத்தில் விட்டுவிடுவார்.

கண் பார்வையே போதாதவருக்கு?

ஒலிப்புத்தகம் இருக்கிறது, ஆனால் அட்டவணை காதில் ஏறாது. எங்கள் வீட்டில் பாட்டிக்கு நாங்கள் முறைவைத்து ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் படித்துக் காட்டினோம். அவர் நடுவில் நிறுத்திக் கேட்கும் கேள்விகளை ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தோம். அத்தியாயம் சிறிதாக, ஒரே மூச்சில் படித்து முடிக்கிற அளவில் இருக்கும் புத்தகம் இதற்கு ஏற்றது.

கொடுத்தால் "நான் குண்டாக இருக்கிறேன் என்கிறாயா" என்று மனசு சங்கடப்படுவாரோ?

படுவார்கள். கேட்காமல் கொடுத்தால் அது புத்தகம் அல்ல, குறை சொல்வது. அவராகவே பேச்செடுக்கும்வரை காத்திருங்கள். அல்லது, "அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது இதைப் பற்றிக் கேட்கலாமா?" என்று தொடங்குங்கள். கொடுக்கும்முன் நீங்கள் முழுக்கப் படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரு சந்தேகம் கேட்டால் பதில் தெரியாமல் விழித்தால், அவர் அதோடு மூடிவைத்துவிடுவார்.

வாங்கிக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது, தொடவே இல்லை. என்ன செய்வது?

வற்புறுத்த வேண்டாம். முதலில் எழுத்து தெரிகிறதா என்று கேளுங்கள், கண்ணாடி மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று என்று பாருங்கள். அம்மா முதல் ஐந்து புத்தகங்களைப் படித்து முடிக்காததற்குக் காரணம் சோம்பல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆறாவதை இரண்டே நாளில் முடித்தார். மருந்து பற்றிய பக்கத்தில் ஒரு பழைய பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து, தன் மாத்திரைகளின் பெயருக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அதையே பையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். டாக்டர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு இரவு மாத்திரையைப் பாதியாக்கினார், அதன் பிறகுதான் அம்மா சாப்பாட்டில் கை வைத்தார்.